பச்சை டிக் யாருடைய திரையில்?

கேள்வி: மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் 14 வருடமாக டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். பி.காம். படித்தவள், புரோகிராம் தெரியாது. போன தீபாவளிக்குப் பிறகு முதலாளி ஏஐ ஏஜென்ட் வாங்கிப் போட்டார். முதல் ஏஜென்ட் பார்ட்டி (சரக்கு இறக்குமதி செய்யும் வாடிக்கையாளர்) அனுப்பும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்டைப் படித்து விவரம் எடுக்கும். இரண்டாவது எச்எஸ் கோடு (சரக்கு எந்த வகை என்று காட்டும் சுங்க எண்) போட்டு டியூட்டி கணக்குப் பண்ணும். மூன்றாவது செக்லிஸ்ட் (தாக்கலுக்கு முன் பார்ட்டி பார்த்து ஒப்புக்கொள்ளும் வரைவு) தயார் செய்து பார்ட்டிக்கு அனுப்பும். கூடவே தமிழில் ஒரு சிறு குறிப்பும் போகும். எல்லாமே டிஜிட்டல் கையெழுத்தோடு வருகிறது, ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது என்று சொல்லித்தான் விற்றார்கள். அவர்கள் கொடுத்த திரையில் பச்சை டிக் வரும்.

போன மாதம் கோயம்புத்தூர் பார்ட்டி பிரின்ட் எடுத்து வைத்திருந்த செக்லிஸ்ட்டில் ஒரு போல்ட் ஐட்டத்துக்கு 8708 99 00 (வண்டி உதிரிபாகம்) என்று இருந்தது. எங்கள் ஃபைலில் அதே ஜாப் நம்பர், அதே ஐட்டம், ஆனால் 7318 15 00 (இரும்பு ஸ்க்ரூ, போல்ட்). இரண்டுக்கும் பச்சை டிக். எங்கள் ஃபைலில் இருந்தபடி பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸுக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) போட்டாகிவிட்டது. விற்றவர்கள் "வாய்ப்பே இல்ல மேடம்" என்கிறார்கள். பார்ட்டி "நீங்கதான் நடுவுல மாத்திட்டீங்க" என்கிறார். இன்னொன்று, தமிழ்க் குறிப்புகளுக்கு மட்டும் பார்ட்டி பக்கம் அடிக்கடி 'சரிபார்ப்புத் தோல்வி' என்று வருகிறது. யாராவது தமிழை மட்டும் திருத்துகிறார்களா? நான் எதை, எப்படிப் பார்ப்பது? பைத்தான் கொஞ்சம் தெரிந்த தம்பி ஒருவர் ஆபீஸில் இருக்கிறார்.

பதில்: யாரையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு காரியம் செய்துவிடுங்கள். அந்த இரண்டு ஃபைலையும் பத்திரப்படுத்துங்கள். பார்ட்டியிடம் பிரின்ட்டை ஸ்கேன் பண்ணியோ போட்டோ எடுத்தோ அனுப்பச் சொன்னால் பிரயோஜனம் இல்லை. அவருக்கு மெயிலில் வந்த அசல் ஃபைலை, திறந்து சேவ் பண்ணாமல், ஜிப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து ஃபைலையும் அப்படியே நகல் எடுங்கள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு இரண்டுக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே சர்ட்யூட்டில் என்று ஒரு கட்டளை இருக்கிறது, தனியாக எதையும் வாங்க வேண்டாம். வரும் 64 எழுத்தையும் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். நாளைக்கு "இது அந்த ஃபைலே இல்லை" என்று யாராவது சொன்னால் கையில் இருப்பது அந்த நோட்டுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிஎஸ்சி டோக்கனைச் (டிஜிட்டல் கையெழுத்துச் சாவி உள்ள யூஎஸ்பி) சொருகி, பின் நம்பர் அடித்து, ஐஸ்கேட் என்ற கஸ்டம்ஸ் இணையதளத்துக்குப் போகும் பில் ஆஃப் என்ட்ரியில் கையெழுத்துப் போடுவது உங்களுக்குத் தினசரி வேலை. ஏஜென்ட் போடுவதும் அதே ஜாதிதான். ஃபைலில் உள்ள பைட் அத்தனையையும் அரைத்து ஒரு ஹாஷ் எடுக்கும். அதன் மேல் ஒரு ரகசியச் சாவியால் கணக்குப் போட்டால் கையெழுத்து வரும். அந்த ரகசியச் சாவிக்கு ஜோடியாக ஒரு பொதுச் சாவி இருக்கிறது. அதை வைத்து யார் வேண்டுமானாலும் கையெழுத்தைச் சோதிக்கலாம், ஆனால் அதை வைத்துப் புதுக் கையெழுத்துப் போட முடியாது. 1976-இல் டிஃபி, ஹெல்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த யோசனை இது. இன்றைக்கு ஏஜென்ட்களில் பரவலாக இருக்கும் எட்-25519 முறையில் பொதுச் சாவி வெறும் 32 பைட், கையெழுத்து 64 பைட். ஃபைலில் ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் சோதனை தோற்கும். இந்தக் கணிதத்தை நீங்கள் தாராளமாக நம்பலாம். என் அனுபவத்தில் ஓட்டை எப்போதும் அதைச் சுற்றிக் கட்டியதில்தான் இருந்திருக்கிறது.

அந்தக் கையெழுத்து எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை முதலாளிக்கும் புரிய வையுங்கள். 'இந்தச் சாவியை வைத்திருந்தவர் இந்த பைட்களுக்குக் கையெழுத்திட்டார், அதற்குப் பிறகு ஒன்றும் மாறவில்லை.' அவ்வளவுதான் அதன் சாட்சியம். 7318 சரியா என்று அதற்குத் தெரியாது. ஒரே ஜாப்புக்கு இரண்டு செக்லிஸ்ட் போனதா என்றும் தெரியாது.

உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகமே இங்கேதான். யாரும் எதையும் மாற்றாமலே இது நடந்திருக்கலாம். மொழி மாதிரியை (சாட்ஜிபிடி போன்றது) அடிப்படையாகக் கொண்ட ஏஜென்ட்டிடம் ஒரே இன்வாய்ஸை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு விதமாகப் பதில் வருவது சகஜம். வண்டிக்கென்று வரும் போல்ட்டை 7318-இல் வைப்பதா 8708-இல் வைப்பதா என்பதில் மனிதர்களே தடுமாறுவார்கள். இன்வாய்ஸைப் பார்ட்டி திருத்தி அனுப்பியிருப்பார், அல்லது நடுவில் நெட் போய் வேலை மறுபடி ஓடியிருக்கும். முதல் ஓட்டத்தில் 8708, இரண்டாவதில் 7318. இரண்டு செக்லிஸ்ட்டுமே அசல், இரண்டு கையெழுத்துமே உண்மை. பழையது பார்ட்டியிடம், புதியது உங்களிடம். விற்றவர்கள் "மாற்ற வாய்ப்பே இல்லை" என்று சொல்வது இந்த வகையில் நிஜமாகவே இருக்கலாம். ஆனாலும் பொறுப்பு அவர்களுடையதுதான். 'இந்த ஜாப்புக்கு இது இரண்டாவது பதிப்பு, முதல் பதிப்பு செல்லாது' என்ற விவரத்தைக் கையெழுத்துக்குள் அடக்காமல் விட்டது அவர்கள்.

ஆகவே அவர்களிடம் அந்த ஜாப்பின் ரன் லாக்கைக் கேளுங்கள். எத்தனை முறை ஓடியது, எந்தெந்த நேரத்தில், ஒவ்வொரு முறையும் உள்ளே போன பிடிஎஃப்பின் ஹாஷ் என்ன. இனிமேல் வரும் ஒவ்வொரு செக்லிஸ்ட்டிலும் கையெழுத்துக்கு உட்பட்ட பகுதியில் ஜாப் நம்பர், பதிப்பு எண், உருவான நேரம், எந்த இன்வாய்ஸைப் படித்தது என்பதற்கு அந்த இன்வாய்ஸின் ஹாஷ், யாருக்காகத் தயாரானது என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இவை இல்லையென்றால், போன வருட செக்லிஸ்ட்டை இந்த வருட ஜாப்புக்கு எடுத்து வைத்தாலும் பச்சை டிக் வரும். பழைய பஸ் டிக்கெட்டைக் காட்டி மறுபடி ஏறுவது போல. டிக்கெட் அசல்தான்.

இரண்டாவது சந்தேகம், அந்த பிரின்ட். ஏஜென்ட் கையெழுத்திடுவது பெரும்பாலும் ஜேசன் என்ற உருவத்தில் இருக்கும் தரவுக்கு. பார்ட்டி பார்த்தது அந்தத் தரவிலிருந்து வேறொரு புரோகிராம் தயாரித்த பிடிஎஃப் அல்லது எக்செல். பச்சை டிக் தரவுக்கு மட்டும்தான் வாங்கப்பட்டிருக்கும். கண்ணில் படும் தாளுக்கு எந்தக் காவலும் கிடையாது. தரவை யாரும் தொடாமல், தாள் உருவாகும் இடத்தில் மட்டும் ஒரு கோடை மாற்றிவிட முடியும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஒரு செக்லிஸ்ட் பிடிஎஃப்பின் நகலை எடுத்து, ஏதாவது ஒரு பிடிஎஃப் எடிட்டரில் 8-ஐ 3 ஆக்கி, அவர்களுடைய சோதனைத் திரையில் ஏற்றுங்கள். சிவப்பு வந்தால் நல்லது. பச்சை வந்தால், அந்தத் திரை பிடிஎஃப்பைப் பார்க்கவே இல்லை.

இந்தச் சோதனையை ஒரு முறையாவது உங்கள் கையால் செய்யுங்கள். பதினாலு வருடம் டாக்குமென்ட் பார்த்தவர் நீங்கள், ஒரு எண்ணை மாற்றிப் பார்ப்பதற்குப் புரோகிராமர் வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது. போன வருடம் கிண்டிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் இதே போன்ற ஏற்பாட்டைச் சோதித்துத் தரக் கூப்பிட்டார்கள். கொள்முதல் ஆர்டர் தயாரிக்கும் ஏஜென்ட். கையெழுத்து, பச்சை டிக், எல்லாம் பிரமாதம். ஒரு ஃபைலை என் லேப்டாப்பில் நகல் எடுத்தேன். தொகை 4,12,000 என்று இருந்ததை 9,12,000 ஆக்கினேன். நானே புதிதாக ஒரு சாவி ஜோடி உருவாக்கி, அதால் கையெழுத்திட்டேன். ஃபைலுக்குள் 'பொதுச் சாவி' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் என் சாவியை ஒட்டினேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். ஏற்றினேன், பச்சை டிக். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

என்ன நடந்தது என்றால், சோதிக்கும் புரோகிராம் சாவியை ஃபைலுக்குள்ளிருந்தே எடுத்துக்கொண்டது. ஃபைலோடு வந்த சாவி ஃபைலோடு வந்த கையெழுத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தது. பொருந்தத்தான் செய்யும். புது ஆள் ஒருவர் வந்து, தன்னோடு கூட்டி வந்தவரையே காட்டி "என்னைப் பற்றி இவரிடம் கேளுங்கள்" என்றால் அதை விசாரணை என்று சொல்வோமா? பொதுச் சாவி உங்களுக்கு வேறு வழியில் வந்திருக்க வேண்டும். விற்றவர்களின் லெட்டர்ஹெட்டில் சாவியின் கைரேகை எண்ணை (அதன் ஹாஷை) அச்சடித்து வாங்குங்கள். அவர்கள் அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டு, எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லி ஒத்துப் பாருங்கள். பிறகு அதை உங்கள் கணினியில் வைத்து, அந்தச் சாவியைத் தவிர வேறு எதையும் ஏற்காதே என்று தம்பி எழுதும் சோதனைப் புரோகிராமில் பதித்துவிடுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த முறையில் சோதிக்க வேண்டும் என்பதை ஃபைலே சொல்வது ஒன்று. 2015-இல், லாகின் டோக்கனைச் சோதிக்கும் பல நூலகங்களில் (தயார் புரோகிராம் தொகுப்புகள்) இந்தக் குறை வெளியே வந்தது. ஃபைல் 'எனக்கு முறை ஏதும் கிடையாது' என்று சொன்னால், புரோகிராம் சரி என்று விட்டுவிட்டது. மற்றொன்று, கையெழுத்து என்ற பெயரில் இரு தரப்புக்கும் பொதுவான ஒரே ரகசியச் சொல்லை வைத்துக் கணக்குப் போடுவது. வழியில் யாராவது மாற்றினால் அதில் தெரியும். ஆனால் உங்களுக்கும் விற்றவர்களுக்கும் தகராறு வந்தால் யார் போட்டது என்று சொல்லவே முடியாது, இருவர் கையிலும் ஒரே சாவி. உங்களுடையது இந்த ரகமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தம்பிக்கான வேலை பெரிதல்ல. பைத்தானில் கிரிப்டோகிராஃபி என்ற நூலகம் இருக்கிறது. அதை வைத்து முப்பது வரிக்குள் எழுதிவிடலாம். அவருக்கு நான் வலியுறுத்துவது இரண்டு. முதலாவது, வந்த பைட்களை வந்தபடியே சோதிக்க வேண்டும். ஜேசனைப் பிரித்து, மறுபடி கட்டி, அதைச் சோதிக்கக் கூடாது. 1250.00 என்பது 1250 ஆகிவிடும், இடைவெளி மாறும், வரிசை மாறும். சோதித்த அதே பைட்களைத்தான் அடுத்த வேலைக்கும் கொடுக்க வேண்டும். ஒன்றைச் சோதித்துவிட்டு டிஸ்க்கிலிருந்து இன்னொரு முறை படித்தால், அந்த இடைவெளியில் ஃபைல் மாறியிருக்கலாம். இரண்டாவது, தோற்றால் வேலை நிற்க வேண்டும். 'எச்சரிக்கை' என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகக் கூடாது. ஆரம்ப காலத்தில் நானே அப்படி எழுதியிருக்கிறேன். சோதனையில் பிழை வந்தால் வேலை தடைப்படக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், பிழை வந்தாலும் 'சரி' என்று திருப்பி அனுப்பும்படி வைத்தேன். ஆறு மாதம் அந்தச் சோதனை ஒன்றையுமே சோதிக்கவில்லை. வேறொருவர் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது.

இப்போது உங்கள் தமிழ்க் குறிப்பு. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைப் பார்த்துவிட்டு "தமிழ்ல எப்பவும் இப்படித்தான்" என்று கடந்துவிடுகிறார்கள்.

யாரும் தமிழைத் திருத்தவில்லை என்றே நினைக்கிறேன். 'தொகை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து 'தொ'. ஒருங்குறியில் (யூனிகோட், கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் தரம்) அதை இரண்டு விதமாக எழுதலாம். 'த' போட்டு, அதன் பின்னால் ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம். அல்லது 'த' போட்டு, ஒற்றைக் கொம்பைத் தனியாக, துணைக்காலைத் தனியாக, இரண்டு எண்ணாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒரு புள்ளி வித்தியாசம் தெரியாது. பைட்டில் முதலாவது 6, இரண்டாவது 9. 'மொத்தத் தொகை' என்று எழுதினால் இரண்டு இடத்தில் இது வரும், மொத்தம் 6 பைட் கூடுதல். கோவை, பொருள், சோதனை என்று ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறி வரும் சொல் எல்லாவற்றுக்கும் இதே கதை. ஏஜென்ட் ஒரு வடிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கும். வழியில் ஒரு மெயில் மென்பொருளோ பார்ட்டியின் கணினியோ மற்ற வடிவத்துக்கு மாற்றியிருக்கும். வாசிக்கிற மனிதருக்கு அதே குறிப்பு, ஹாஷுக்கு வேறொரு குறிப்பு. ஆங்கிலக் குறிப்பில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே 'ஏ' முதல் 'இசட்' வரை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே எண்தான்.

இதற்கு மருந்து உண்டு. ஒருங்குறித் தரத்தில் என்எஃப்சி என்று ஒரு வடிவம் இருக்கிறது, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். கையெழுத்திடுவதற்கு முன்னால் குறிப்பை என்எஃப்சிக்கு மாற்றச் சொல்லுங்கள். கையெழுத்தான குறிப்பை மெயிலின் உடலில் ஒட்டாமல் இணைப்பு ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள், வழியில் யாரும் எழுத்தைத் தொட மாட்டார்கள். ஜேசனை ஒரே சீராக அடுக்குவதற்கு 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8785 என்ற விதியைக் காட்டி "நாங்கள் அதைத்தான் பின்பற்றுகிறோம்" என்று விற்றவர்கள் சொல்லக்கூடும். அந்த விதி ஒருங்குறி எழுத்துகளை வந்தபடியே விட்டுவிடும், தமிழ்க் குறிகளைச் சேர்க்காது. ஆகவே அது இதற்குப் பதில் ஆகாது.

'ஸ்ரீ' தனிக் கேஸ். கோவை கம்பெனிப் பெயர்களில் நிறைய வரும். இதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். இதை என்எஃப்சியும் ஒன்றாக்காது, ஏனென்றால் தரத்தின் பார்வையில் அவை வெவ்வேறு எழுத்து. பார்ட்டி பெயரை ஆபீஸில் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள நீங்களே ஒரு பட்டியல் போட்டு, அதிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்வது நல்லது.

ஆனால் தமிழில் வரும் ஒவ்வொரு தோல்வியையும் எழுத்துக் குறி என்று தள்ளிவிடாதீர்கள். விற்றவர்களிடம் இருக்கும் மூலக் குறிப்பையும் பார்ட்டிக்கு வந்ததையும் வாங்கி, தம்பியை விட்டு இரண்டையும் என்எஃப்சிக்கு மாற்றி ஒப்பிடச் சொல்லுங்கள். மாற்றிய பின் ஒன்றாகிவிட்டால் அது குறி விவகாரம். அப்போதும் வேறுபட்டால், எந்த எழுத்தில் வேறுபடுகிறது என்று பாருங்கள், அங்கே ஏதோ நடந்திருக்கிறது. இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறந்தால் கையெழுத்து இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி வருமே, நம்மில் பாதிப் பேர் அதைப் பார்த்துப் பார்த்து அலட்சியமாகிவிட்டோம். உங்கள் பார்ட்டியும் சிவப்பு எழுத்துக்கு அப்படிப் பழகிவிட்டால், நிஜமாகவே மாற்றப்பட்ட குறிப்பு வரும் நாளில் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பொய் எச்சரிக்கையைச் சீக்கிரம் நிறுத்தச் சொல்லி நான் இவ்வளவு அழுத்துவது இதனால்தான்.

'யார் மாற்றினார்கள்' என்பதைக் கையெழுத்து சொல்லாது. எங்கே மாறியது என்பதைக் குறுக்கிக் காட்ட மட்டும் முடியும், அதற்கும் ஏற்பாடு வேண்டும். உங்களிடம் மூன்று ஏஜென்ட் வரிசையாக நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் உள்ளதன் கையெழுத்தைச் சோதித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தன் வெளியீட்டுக்குள் முந்தையதன் ஹாஷையும் சேர்த்துக் கையெழுத்திட வேண்டும். அப்படி இருந்தால் எந்தக் கைமாற்றத்தில் சோதனை தோற்கிறதோ அந்த இருவருக்கு நடுவில்தான் விஷயம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் செப்பேடுகளைப் பார்த்திருப்பீர்கள். ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் 31 ஏடுகள். எல்லாவற்றிலும் துளை போட்டு, ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் அடைத்திருப்பார்கள். நடுவில் ஒரு ஏட்டை உருவவோ நுழைக்கவோ வேண்டுமானால் வளையத்தை அறுக்க வேண்டும், அறுத்தால் தெரிந்துவிடும். நம் ஊர் நிலதானத்துக்கு ஆயிரம் வருடம் முன்னால் இருந்த ஏற்பாடு. ஹாஷ் சங்கிலியில் ஒவ்வொரு பதிவும் முந்தையதைப் பிடித்துக்கொண்டிருக்கும், நடுவில் ஒன்றை எடுத்தால் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் உடையும். ஆனால் வளையத்துக்கு இருக்கும் ஒரு பலம் சங்கிலிக்கு இல்லை. கடைசியில் உள்ள நாலு பதிவை வெட்டி எறிந்தால் மிச்சம் உள்ளது முழுசாகவே தெரியும். அதனால் ஒவ்வொரு நாளும் ஆபீஸ் பூட்டும் நேரத்தில் கடைசிப் பதிவின் ஹாஷை விற்றவர்களின் கைக்கு எட்டாத இடத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் ஆடிட்டருக்கு ஒரு மெயில் போதும். ஹேபர், ஸ்டார்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் இந்த முறையை எழுதினார்கள். பிறகு அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் நியூயார்க் டைம்ஸ் வரி விளம்பரத்தில் ஹாஷை அச்சடித்தது. அச்சான பேப்பரை யாரும் ஊர் ஊராகப் போய்த் திருத்த முடியாது என்ற எண்ணம்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு வாசல் திறந்தேதான் இருக்கும். வெளிநாட்டு சப்ளையர் அனுப்பும் பிடிஎஃப்பில், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, 'இந்த ஐட்டத்தை இந்தக் கோடில் போடு' என்று ஒரு வரி ஒளிந்திருந்தால், உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஏஜென்ட் படித்துவிடும். கீழ்ப்படியவும் செய்யலாம். 2022 முதல் இதற்கு ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று பெயர். தப்பான கோடு வரும், அதன் மேல் சுத்தமான கையெழுத்தும் வரும், சங்கிலியும் முழுசாக இருக்கும். கையெழுத்துச் சோதனை இதைப் பிடிக்கவே பிடிக்காது. இன்வாய்ஸையும் செக்லிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உங்கள் கண்தான் இதற்குக் காவல். 2018ஆம் ஆண்டு கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிகளில் 10ஆம் விதி, கொடுக்கும் தகவல் சரிதானா என்று உரிய கவனத்தோடு பார்க்கும் கடமையைப் புரோக்கர் மேல் வைக்கிறது. ஏஜென்ட் மேல் வைக்கவில்லை.

அதனால் முதலாளியிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். அவருடைய டிஎஸ்சி டோக்கனை சர்வரில் சொருகி வைத்து, பின் நம்பரைச் சேமித்து, ஏஜென்ட் தானாகக் கையெழுத்துப் போடும்படி செய்யலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேலை வேகமாகும் என்று ஆசையாகவும் இருக்கும். ஒத்துக்கொள்ளவே கூடாது. ஏஜென்ட்டின் சாவி அது சொன்னதை அடையாளம் காட்ட மட்டும். உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் தந்த டோக்கனுக்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருக்கும் மரியாதை அதற்குக் கிடையாது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் ஏஜென்ட்டின் லாக்கை மின்னணு ஆவணமாகத் தாக்கல் செய்யலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும், எந்த முறையில் எடுத்தது என்பதையும் எழுதவே இடம் விட்டிருக்கிறார்கள். முதலில் நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேனே, அது அங்கேயும் உதவும்.

சாவிகளைப் பற்றி ஒரு நடைமுறை விஷயம். விற்றவர்கள் அவ்வப்போது சாவியை மாற்றுவார்கள், மாற்றத்தான் வேண்டும். பழைய பொதுச் சாவியை நீங்கள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ரெக்கார்டுகளைக் குறைந்தது 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 5 வருடம் கழித்து ஒரு செக்லிஸ்ட்டைச் சோதிக்க அன்றைய சாவிதான் வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தச் சாவி, எது எப்போது ரத்தானது என்று ஒரு பக்கம் போட்டு ஃபைலில் வையுங்கள். விற்றவர்களின் கம்பெனியே அப்போது இருக்குமா என்பது நம் கையில் இல்லை.

கடைசியாக, போட்டுவிட்ட பில் ஆஃப் என்ட்ரி. இதில் யார் மாற்றினார் என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்தக் கோடு சரி என்று முதலில் முடிவு செய்யுங்கள். பொதுப் பயன்பாட்டுப் பாகங்களை டாரிஃப் அட்டவணையின் 17ஆம் பிரிவின் இரண்டாவது குறிப்பு 8708-க்கு வெளியே தள்ளுகிறது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். சாதாரண போல்ட்தான் என்றால் உங்கள் ஃபைலில் உள்ள 7318 நிற்கும். கேட்டலாக்கைப் பார்த்துவிட்டுத் தப்பு என்று தெரிந்தால் கஸ்டம்ஸ் சட்டம் 149ஆம் பிரிவின் கீழ் திருத்தத்துக்கு எழுதுங்கள், அதைத் தள்ளிப் போட வேண்டாம்.

பார்ட்டிக்கும் இந்த வாரமே ஒரு மெயில் போடுங்கள். அவர் ஒப்புதல் தந்தது எந்தப் பதிப்புக்கு, தாக்கல் ஆனது எந்தப் பதிப்பு, இரண்டின் ஹாஷ், இரண்டும் உருவான நேரம், இதை விற்றவர்களிடம் கேட்டிருக்கிறோம் என்ற விவரம். இனிமேல் பார்ட்டி 'ஓகே' என்று பதில் போடும்போது பதிப்பு எண்ணையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ரன் லாக் கைக்கு வந்ததும், பார்ட்டி பெயரையும் இன்வாய்ஸ் தொகையையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். அந்த ஜாப் இரண்டு முறை ஓடியதா என்பதை நேரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.